விசுவாசத்தின்படி தொழில்: கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குவோம்

கேள்வி இதுதான்: "சிறு தொழில் ஒன்று தொடங்கப் போகிறேன். ஜெபத்தோடு தொடங்குவதும் தசமபாகம் கொடுப்பதும் தெரியும். அதற்கு மேல், கிறிஸ்தவ விசுவாசத்தின்படி தொழில் நடத்துவது என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?"

கடைக்கு வேதாகமப் பெயர் வைக்கலாம், சுவரில் வசனம் மாட்டலாம், தடையில்லை. ஆனால் வேதாகமம் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேசும் இடங்களை எடுத்து வரிசையாக வாசித்தால், அது கேட்பவை எல்லாம் வெகு சாதாரணமானவை: எடைக்கல், கூலி கொடுக்கும் நேரம், அடகு வாங்கும் விதம், பிணைக் கையெழுத்து. பணம் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போக வேண்டும், எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதையே அது விடாமல் கேட்கிறது. அதனால் பதிலையும் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லாவில் இருக்கும் பணமெல்லாம் உங்கள் பணம் ஆகாது. வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம், பொருளோ வேலையோ கைமாறும்வரை அவருடையது. விற்பனையோடு சேர்த்து வசூலித்த வரி அரசாங்கத்துடையது. சம்பளத்தில் பிடித்த தொகை தொழிலாளியுடையது. இவை மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தால், கையில் பணம் நிறைய இருப்பதுபோல் தோன்றும். விற்பனை மந்தமான ஒரு மாதத்தில் வரிப் பணத்தை எடுத்துச் சரக்கு வாங்குவீர்கள். கட்ட வேண்டிய நாள் வரும்போது பணம் இருக்காது. அபராதமும் வட்டியும் ஏறும். அதை அடைக்கப் புதிய வாடிக்கையாளரின் முன்பணத்தைத் தொடுவீர்கள். பிறகு பழைய வேலையை முடிக்கவே புதிய முன்பணம் வந்தாக வேண்டும் என்ற நிலை. ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்ற நம்பிக்கை சிலரை இன்னும் வேகமாகத் தள்ளிவிடுகிறது.

தடுக்கும் வழி எளிது. நான்கு கணக்குகள் திறங்கள்: அன்றாட வரவு செலவுக்கு ஒன்று, பிறர் பணத்துக்கு (வரி, முன்பணம், பிடித்தம்) ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, உங்கள் வீட்டுச் செலவுக்கு ஒன்று. பணம் வந்த அன்றே, தவறினால் அந்த வாரத்துக்குள், பிரித்துப் போட்டுவிட வேண்டும். உங்களுக்கும் மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். கல்லாவில் கைவிட்டு எடுக்கும் பழக்கம் இருக்கும்வரை லாபம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. "உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள்" என்கிறது நீதிமொழிகள் 27:23. அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஐந்து எண்களை எழுதுங்கள்: கையிருப்பு, 30 நாளைத் தாண்டிய வரவேண்டிய பாக்கி, அடுத்த 30 நாளில் கொடுக்க வேண்டியது, அடுத்த சம்பளத்துக்கு ஒதுக்கியிருப்பது, கையில் இருக்கும் பிறர் பணம்.

அடுத்தது கூலி. லேவியராகமம் 19:13 கூலிக்காரனின் கூலியை மறுநாள் காலைவரைகூட வைத்திருக்கக் கூடாது என்கிறது. உபாகமம் 24:15 பொழுது சாயும் முன்னே கொடுக்கச் சொல்லிக் காரணமும் தருகிறது: அவன் ஏழை, அதை நம்பியே இருக்கிறான். யாக்கோபு 5:4இல் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது. இத்தனை அழுத்தம் ஏன் என்பதைத் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் புரியும். உங்களுக்கு ஐந்து நாள் தாமதம் என்பது புத்தகத்தில் ஒரு வரி. அவருக்கு அது வாடகைத் தவணை, பள்ளிக் கட்டணம், வட்டிக்கு வாங்கிய கைமாற்று. உங்கள் பணத்தட்டுப்பாட்டை உங்களைவிட வசதி குறைந்தவர் தலையில் வட்டியில்லாக் கடனாக ஏற்றுகிறீர்கள்.

ஆகவே ஒரு மாதச் சம்பளத் தொகை முழுவதும் தனிக் கணக்கில் எப்போதும் இருக்கட்டும். தொடக்கத்தில் முடியாவிட்டால் ஒவ்வொரு வசூலிலும் ஒரு பங்கை ஒதுக்கி ஆறு, எட்டு மாதத்தில் சேர்க்கலாம். பணம் பற்றாத மாதத்தில் யாருக்கு முதலில் என்ற வரிசையை நல்ல காலத்திலேயே எழுதி வையுங்கள். நெருக்கடியில் எழுதினால் சத்தம் போடுகிறவருக்கே முதலிடம் கிடைக்கும். நான் சொல்லும் வரிசை: குறைந்த சம்பளக்காரர் தொடங்கி எல்லாத் தொழிலாளரும், பிறகு வசூலித்த வரியும் பிடித்தமும், பிறகு உங்கள் பணத்தை நம்பியிருக்கும் சிறு சப்ளையர்கள், பிறகு பெரிய நிறுவனங்கள், கடைசியில் நீங்கள். வங்கித் தவணைக்கு இடிக்கும் என்று தெரிந்தால் தவணை நாளுக்கு முன்பே வங்கியில் போய்ச் சொல்லி அவகாசம் கேளுங்கள். முன்கூட்டிச் சொன்னவருக்குப் பேச இடம் இருக்கும்.

சபை மக்களை வேலைக்கு வைக்கும்போது நுழையும் ஒரு தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'நாமெல்லாம் ஒரே குடும்பம், இதுவும் ஊழியம் மாதிரிதான்' என்று சந்தை நிலவரத்தைவிடக் குறைத்துக் கொடுப்பது, கூடுதல் நேர வேலைக்குக் காசு தராமல் விடுவது. ஊழியம் செய்ய விரும்புகிறவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு தானாகக் கொடுக்கட்டும். அவருக்காக நீங்கள் கொடுத்துவிடக் கூடாது.

தசமபாகத்தை எதிலிருந்து கணக்கிடுவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். மொத்த விற்பனையில் பத்தில் ஒன்று என்று நேர்ந்துகொண்டு திணறுகிறவர்கள் உண்டு. 100க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். சரக்குக்கு 70 போகிறது. சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் 20. மிச்சம் 10. விற்பனையில் பத்து சதவீதம் கொடுத்தால் மிச்சம் முழுவதும் போய்விடும். மறுமாதம் கொடுப்பது சப்ளையரின் பணத்திலிருந்துதான். உபாகமம் 14:22 வயலில் விளையும் பலனைப் பற்றிப் பேசுகிறது. விதைத்த விதை பலனில் சேராது. சரக்குக்குப் போட்ட முதலும் அப்படியே. செலவும், இயந்திரம் தேய்வதற்கான ஒதுக்கும், வரியும் போன பின் நிற்கும் லாபமே தொழிலின் பலன். கடனுக்கு விற்றது இன்னும் வசூலாகவில்லை என்றால், வசூலான பின் கணக்கில் சேர்க்கலாம். மாதந்தோறும் உத்தேசமாகக் கொடுத்து ஆண்டு முடிவில் சரிசெய்துகொள்வது எளிய முறை. நீங்கள் எடுக்கும் சம்பளத்துக்குக் கொடுப்பது உங்கள் சொந்தக் காணிக்கை. அதைத் தொழில் கணக்கோடு கலக்க வேண்டாம். பங்காளிகள் இருந்தால் பொதுப் பணத்திலிருந்து கொடுக்க அவர்கள் எல்லாருடைய எழுத்துச் சம்மதமும் வேண்டும். இல்லையென்றால் உங்கள் லாபப் பங்கு கைக்கு வந்த பின் கொடுங்கள்.

பத்து சதவீதம் கட்டளையா, மனமுவந்து கொடுப்பதா என்பதில் சபைக்குச் சபை போதனை மாறும்; அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும் எல்லாருக்கும் பொது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்' என்று காணிக்கையாக்கி நழுவியவர்களை இயேசு கண்டித்தார். சம்பளப் பாக்கி வைத்துவிட்டுப் போடும் காணிக்கையும் அந்த வகைதான்.

இனி எடைக்கல்லுக்கு வருவோம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழிகள் 11:1 எல்லாருக்கும் தெரியும். உபாகமம் 25:13 கூர்ந்து வாசிக்க வேண்டியது. பையில் பெரிதும் சிறிதுமாகப் பல நிறைகற்கள் இருக்கக் கூடாது என்கிறது. ஒரே வியாபாரியிடம் எதற்கு இரண்டு கல்? வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று. ஆமோஸ் 8:5 அதன் வேலையை விளக்குகிறது: தானியம் அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கிச் சரக்கைக் குறைத்தார்கள், வெள்ளியை நிறுக்கும் சேக்கல் கல்லைக் கனமாக்கி விலையைக் கூடுதலாக வாங்கினார்கள். நாணயம் அச்சிட்டுப் புழங்காத காலம் அது. விலையையும் எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். அடுத்த வசனத்தில் கோதுமையின் பதரையும் விற்கிறார்கள். ஆக அளவு, விலை, தரம் மூன்றிலும் ஏமாற்று.

இன்றைய தராசு மின்னணுத் தராசாக இருக்கலாம். அதுவும் நாளடைவில் பிசகும். உறுதியான எடை தெரிந்த கல் ஒன்றை வைத்து வாரம் ஒருமுறை சரிபாருங்கள், சட்டம் சொல்லும் முத்திரைத் தேதியைத் தவறவிடாதீர்கள். பொட்டலத்தின் எடை சரக்கோடு சேரக் கூடாது. ஆனால் இப்போது அதிகம் புழங்கும் கள்ளக்கற்கள் வேறு. விலையை முதலில் ஏற்றி எழுதிப் பிறகு அடித்துக் காட்டும் 'தள்ளுபடி'. 'இன்னும் இரண்டுதான் இருக்கிறது' என்ற பொய் அவசரம். ஆள் வைத்து எழுதும் பாராட்டு மதிப்புரை. பில்லின் கடைசியில் முளைக்கும் கட்டணம். அளவைக் குறைத்துப் பழைய உறையிலேயே விற்பது. இரட்டைக் கல்லும் உண்டு: நீங்கள் கொடுக்க வேண்டியதற்கு 90 நாள், உங்களுக்கு வர வேண்டியதற்கு 15 நாள். உங்களுக்கு வரும் சரக்கில் குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறீர்கள், நீங்கள் விற்றதில் இருந்தால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறீர்கள். உங்கள் கொள்முதல் நிபந்தனைகளையும் விற்பனை நிபந்தனைகளையும் ஒரே தாளில் எதிரெதிராக எழுதிப் பாருங்கள். பையில் எத்தனை கல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பேரம் பேசுவது பாவமா என்று கேட்கிறவர்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வியாபாரிகள் பேரத்தையே கைவிட்டார்கள். உண்மையில் எதிர்பார்க்காத விலையைச் சொல்வது, "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொன்ன மத்தேயு 5:37க்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். எல்லாருக்கும் ஒரே விலை என்று வைத்தார்கள். சிறு பிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைக்கும் அதே விலையில் கிடைக்கும் என்று பெயர் வந்தது, வியாபாரமும் பெருகியது. இரு தரப்புக்கும் விதி தெரிந்த பேரத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். 'எனக்கு வாங்கின விலையே இதுதான்', 'நேற்று ஒருவர் இதைவிட அதிகம் கேட்டார்' என்று இல்லாததைச் சொல்லும்போது அது பொய்யாகிறது. வாங்குகிறவருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. 'நல்லதல்ல, நல்லதல்ல' என்று சொல்லி வாங்கிக்கொண்டு, போன பின் மெச்சிக்கொள்ளும் ஆள் நீதிமொழிகள் 20:14இல் இருக்கிறார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பணத்தைப் பற்றிச் செய்து 1760இல் அச்சான பிரசங்கத்திலிருந்து 'முடிந்த மட்டும் சம்பாதி, சேமி, கொடு' என்ற மூன்று வார்த்தைகளை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். சம்பாதிப்பதற்கு அவர் போட்ட நிபந்தனைகளை யாரும் சொல்வதில்லை. உடலையும் மனதையும் கெடுக்காமல், அயலானின் உடலையும் உடைமையையும் கெடுக்காமல் என்றார். அயலான் தொழிலை அழிக்கச் சந்தை விலைக்குக் கீழே விற்பதையும், அவனுக்குத் தேவையான வேலைக்காரர்களைக் கவர்ந்திழுப்பதையும் தவறென்றார். போட்டியாளரும் அயலான்தான் என்பதைப் பல வியாபாரிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கடன் வாங்குவது பாவம் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 எச்சரிக்கிறது. வாங்கும் முன், கடந்த 12 மாதத்தில் மிக மோசமான மூன்று மாதங்களின் வரவை எடுங்கள். அதிலும் 30 சதவீதம் குறைத்துப் பாருங்கள். அந்த வரவில் சம்பளமும் வாடகையும் போகத் தவணை கட்ட முடியுமா? முடியாதென்றால் தொகையைக் குறையுங்கள் அல்லது தள்ளிப்போடுங்கள். கோபுரம் கட்டும் முன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பது (லூக்கா 14:28) அவிசுவாசம் ஆகாது. பிணைக் கையெழுத்தைப் பற்றி நீதிமொழிகள் 6, 11, 17, 22 என்று பல அதிகாரங்கள் எச்சரிக்கின்றன. நீங்களும் போடாதீர்கள், சபையில் இருப்பவரிடம் கேட்கவும் செய்யாதீர்கள். ஒரு தொழில் விழும்போது பிணை போட்ட குடும்பமும் சேர்ந்து விழும்; சபையில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகும். உதவ வேண்டும் என்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு வர வேண்டிய பாக்கியை வசூலிப்பதில் உபாகமம் 24:10-11 காட்டும் காட்சி அழகானது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கினவன் கொண்டுவந்து கொடுப்பான். அதே அதிகாரத்தின் 6ஆம் வசனம் மாவரைக்கும் ஏந்திரக்கல்லை அடகு வாங்கக் கூடாது என்கிறது. அது பிழைப்புக்கான கருவி. இன்று இதன் பொருள்: குடும்பத்தார் முன் அவமானப்படுத்துவதில்லை, வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடுவதில்லை, பிழைப்புக் கருவியைப் பறிப்பதில்லை. அதற்காக வசூலிக்காமல் விடுவதும் சரியில்லை. உங்கள் தொழிலாளியின் சம்பளம் அந்தப் பாக்கியில் இருக்கிறது. தவணைக்கு மூன்று நாள் முன் ஒரு நினைவூட்டல், அன்றைக்கு ஒன்று, 7ஆம் நாள் தொலைபேசி, 15ஆம் நாள் எழுத்தில் தவணைத் திட்டம், 30ஆம் நாள் புதுச் சரக்கு நிறுத்தம். எல்லாருக்கும் இதே வரிசை, சபைக்காரருக்கும்.

லஞ்சம் கேட்கும் இடத்தில் நின்று முடிவெடுத்தால் தோற்றுவிடுவீர்கள். முன்பே திட்டத்தில் சேர்க்க வேண்டியது கூடுதல் காலம்: அனுமதிக்கு ஒரு மாதம் என்றால் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டு அதற்குரிய வாடகையையும் செலவில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் ஒரு தாள்கூடக் குறையக் கூடாது; குறையே பேரத்துக்கு வாசல். ஒவ்வொரு முறையும் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு வாங்குங்கள், தனியாகப் போகாதீர்கள். அரசு ரசீதோடு வாங்கும் விரைவுக் கட்டணம் லஞ்சம் ஆகாது. 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று சொல்லும் முகவரிடம் இனவாரியாகப் பில் கேளுங்கள். பெரும்பாலும் லஞ்சம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கை உங்களுடையது இல்லை என்பதால் காசு உங்களுடையது இல்லை என்றாகாது.

கூட்டாளி விஷயத்தில் 2 கொரிந்தியர் 6:14, அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படக் கூடாது என்ற வசனம், உடனே நினைவுக்கு வரும். பவுல் அங்கே பேசுவது விக்கிரக ஆராதனையோடு கலப்பதைப் பற்றி. ஆனாலும் சமபங்குக் கூட்டாளிக்கு அதைப் பொருத்துவது நியாயமே, ஏனெனில் வரி, லஞ்சம், ஓய்வுநாள் எல்லாவற்றிலும் இருவர் கையெழுத்தும் ஒன்றாக விழும். ஆனால் விசுவாசிகள் இருவர் சேர்ந்த தொழில்களும் உடைகின்றன, அதற்கு வழக்கமான காரணம் 'நமக்குள் எதற்குப் பத்திரம்' என்ற பேச்சு. யார் எவ்வளவு முதல், லாபப் பங்கு, வேலை செய்பவருக்குச் சம்பளம், எந்தத் தொகைக்கு மேல் இருவர் கையெழுத்து, விலகினால் பங்கை மதிப்பிடும் முறை, ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன: ஆறும் எழுத்தில் இருக்க வேண்டும். தகராறு வந்தால் மத்தேயு 18:15-17 வரிசையில் முதலில் தனியே, பிறகு இருவர் முன்னிலையில், பிறகு மூப்பர்கள் முன்னிலையில் என்று எழுதி 30 நாள் கெடு வையுங்கள். திருட்டு, வன்முறை, பாலியல் தொல்லை இந்த வழியில் வராது. அவை காவல்துறைக்குப் போக வேண்டியவை. 'சபைக்குள் முடித்துக்கொள்வோம்' என்பது பாதிக்கப்பட்டவருக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

விசுவாசிகளை மட்டும் வேலைக்கு எடுப்பது பல நாடுகளில் சட்டத்துக்கு விரோதம், வேலைக்கும் நல்லதில்லை. நிறுவனத்தில் ஜெபக்கூட்டம் நடத்தலாம். வேலை நேரத்துக்கு வெளியே, வருகைப் பதிவு இல்லாமல். சம்பளம் கொடுப்பவர் அழைத்தால் வராமலிருப்பது கடினம் என்பதை உணர்ந்து, வராதவருக்கு எந்த இழப்பும் இல்லை என்பதை நடத்தையில் காட்டுங்கள். ஓய்வுநாள் கட்டளையில் (யாத்திராகமம் 20:10) வேலைக்காரரும் மாடும்கூட உண்டு. கடையை மூடிவிட்டு அன்றைக்கு ஊழியருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் ஓய்ந்தது கடைக்கதவு மட்டும்.

வயலின் ஓரங்களை அறுக்காமல் விடச் சொல்லும் லேவியராகமம் 19:9 காணிக்கையிலிருந்து வேறுபட்டது. அங்கே எளியவர் தாமே வந்து உழைத்து எடுக்கிறார், கையேந்தவில்லை. ரூத் 2:16இல் வயலின் சொந்தக்காரர் போவாஸ் அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடச் சொல்கிறார். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் இரண்டு இடங்களை அனுபவமில்லாதவருக்கோ, சிறையிலிருந்து வந்தவருக்கோ, மாற்றுத்திறனாளிக்கோ ஒதுக்கலாம். முதல் ஆறு மாதம் உற்பத்தி குறையும். அதைக் கணக்கில் பயிற்சிச் செலவு என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் மேற்பார்வையாளர் அந்தக் குறையை அவர்கள் மேல் தீர்ப்பார்.

தவறு நடக்கும். கூடுதலாகப் பில் போட்டது தெரியவந்தால் எந்தத் தேதியிலிருந்து, யார் யாருக்கு என்று பட்டியலிட்டு, அவர்கள் கேட்கும் முன் திருப்பிக் கொடுங்கள். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டச் சொல்கிறது; 500 வாங்கியிருந்தால் 600. ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் எண்ணாகமம் 5:8 வழி சொல்கிறது: வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லாதபோது அது கர்த்தருக்குச் சேரும், தவறு செய்தவரிடம் தங்கக் கூடாது. ஆகவே அந்தத் தொகையைத் தர்மத்துக்குக் கொடுங்கள். அதை உங்கள் தசமபாகத்தில் கழித்துக்கொள்ள வேண்டாம்.

நேர்மையாக நடந்தும் தொழில் நஷ்டப்படலாம். அதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள். தொடர்ந்து மூன்று மாதம் புதுக்கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்திருந்தால் மூடுவதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. அன்றிலிருந்து புதிய முன்பணம் வாங்காதீர்கள். உங்களுக்குக் கடன் கொடுத்தவர்களின் பட்டியலைத் தயாரித்து எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தியைச் சொல்லுங்கள்; உறவினருக்கும் நண்பருக்கும் ரகசியமாக முதலில் தீர்ப்பது மற்றவரிடமிருந்து எடுப்பதற்குச் சமம், பல நாடுகளில் சட்டமும் அதை ரத்து செய்யும். முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பிறர் பணத்துக்கான கணக்கிலிருந்து திருப்பிக் கொடுங்கள். சம்பளக் கணக்கில் ஒதுக்கிய ஒரு மாதத் தொகை தொழிலாளரின் கடைசிச் சம்பளத்துக்கு.